கல்லைக் கடித்த சங்கிலி

வண்டியின் கண்ணாடியை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் ஒதிலியாவுக்குக் கேட்டது. ரம்பத்தின் இரைச்சலுக்கு நடுவே அது கேட்டதே ஆச்சரியம். திரும்பிப் பார்த்தாள். அவள் தம்பி எரார்தோ கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, தொண்டைக்குக் குறுக்கே இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல், நிறுத்தச் சொல்.

"அண்ணே, நிறுத்துங்க!"

செகுந்தினோவின் காதில் அது விழவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டிய மனிதர். பாதையின் குறுக்கே விழுந்து கிடந்த கோயிகுவே மரத்தின் மேல் சங்கிலி ரம்பத்தை வைத்து, முழு உடம்பையும் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தார். வெட்டுவாயிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது. ஓடுகிற ரம்பத்தின் பின்னால் போய் யாரும் தோளைத் தொடமாட்டார்கள். ஒதிலியா சேற்றில் சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே போனாள். எட்டி நின்று, அவர் கண்ணில் படும்வரை இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

இயந்திரம் நின்றது. மலைச்சரிவு முழுக்கச் சட்டென்று அமைதி. மழை இலைகளில் சொட்டுவது மட்டும் கேட்டது.

அவள் வண்டிக் கதவைத் திறந்தாள். எரார்தோவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதட்டோரத்தில் மட்டும் வழக்கமான ஏளனம்.

"கல்லைக் கடிச்சிருச்சு," என்றான். "கடிச்ச நிமிஷமே எனக்குக் கேட்டுச்சு. அவரு இன்னும் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்காரு. இனிமே அது வெண்ணெயைக்கூட அறுக்காது."

ஒதிலியா போய்ப் பார்த்தாள். வெட்டுவாயின் கீழே மாவுபோல் நுண்ணிய தூள் கிடந்தது. நல்ல சங்கிலி மாவு தராது, சீவல் தரும். ரம்பத்தின் நுனி இறங்கிய இடத்தில், மரத்தோரத்து மண்ணைக் காலால் தள்ளினாள். கருங்கல் ஒன்று, உச்சியில் புதிய வெள்ளைக் கீறலோடு, தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பாக்கலையே தங்கச்சி," என்றார் செகுந்தினோ. ரம்பத்தைக் குழந்தையைப்போல் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு நின்றார். "அடியில மண்ணுன்னுதான் நெனச்சேன். அவசரத்துல..."

"மண்ணு மூடியிருந்துச்சு அண்ணே. யாரா இருந்தாலும் கடிச்சிருக்கும்."

"என் கண்ணு இப்ப முன்ன மாதிரி இல்ல."

அவள் வண்டிப் பக்கம் திரும்பினாள். விடியும் முன்பே எரார்தோவுக்கு நெஞ்சில் வலி ஆரம்பித்திருந்தது. முதலில் நேற்றைய ஆட்டுக்கறியின் மேல் பழியைப் போட்டான். பிறகு இடது கையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, "அக்கா, செகுந்தினோ அண்ணனைக் கூப்பிடு" என்றான். எதற்கும் யாரையும் கூப்பிடாதவன். அவள் குதிரையில் போய் அவரையும் வண்டியையும் கூட்டி வந்தாள். ரெமான்சோ ஊரில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது, ஆம்புலன்சும் இருந்தது. ஊருக்கு இந்த ஒரே பாதைதான். பின்னால் போனால் ஏரி. இரவெல்லாம் அடித்த காற்று எந்த மரத்தைத் தள்ளலாம் என்று தேடித் தேடி, பாதை மிகவும் குறுகிய இந்த வளைவில் நின்றதைத் தள்ளியிருந்தது. மேல்பக்கம் செங்குத்தான மண்சுவர். கீழே பள்ளம். மரத்தின் கிளைகளெல்லாம் பள்ளத்துக்குள் பின்னிக் கிடந்தன. தண்டு அவள் இடுப்பளவு உயரம். எரார்தோ பெருத்த ஆள். அவனைத் தூக்கி அந்தப் பக்கம் போட இவர்கள் இரண்டு பேரால் ஆகாது.

"மாத்துச் செயின் இல்லையா?" என்று கேட்டார் செகுந்தினோ.

"போன மாசமே அறுந்துபோச்சு."

"என் மெஷினும் வீட்டுல மேசை மேல பிரிஞ்சு கிடக்கு." அவர் ரம்பத்தை வண்டியின் பின்தட்டில் மெதுவாக வைத்தார். "நான் நடக்குறேன். பாலத்துக்கிட்ட பாஸ்குவால் வீட்டுல பேசுற ரேடியோ இருக்கு. ஆம்புலன்சை இந்த மரம் வரைக்கும் வரச் சொல்லலாம். நாலு ஆளு வந்தா இவனைத் தூக்கிரலாம்."

"தூக்குறவன் முதுகை நெனச்சா எனக்கே பாவமா இருக்கு," என்றான் எரார்தோ உள்ளேயிருந்து.

செகுந்தினோ சிரிக்க முயன்றார். தொப்பியை அழுத்திக்கொண்டு, கிளைகளுக்கு நடுவே நாய் நுழைவதுபோல் நுழைந்தார். அந்தப் பக்கம் அவருடைய ரப்பர் காலணிகள் சேற்றில் சளக் சளக்கென்று போவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"அக்கா."

"என்ன?"

"கோணிப்பைக்குள்ள அரம் இருக்கு. எடு."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தக் கோணிப்பையை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. விறகு அறுக்க அவளுக்கும் தெரியும். அவன் ஊருக்குப் போன நாட்களில் ஒரு குளிர்காலத்துக்கு வேண்டிய விறகை அவள் தனியாகவே அறுத்து அடுக்கியிருக்கிறாள். ஆனால் சங்கிலி தீட்டுவது அவன் வேலை. மாலை நேரத்தில் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, யாரும் பேசினால் பதில் சொல்லாமல், பல் பல்லாகத் தீட்டுவான். ஏரிக்கரையின் மற்ற பண்ணைக்காரர்கள் தங்கள் சங்கிலிகளைத் துணியில் சுருட்டி எடுத்துவருவார்கள். அவள் ஒருமுறை அரத்தைக் கையில் எடுத்தபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "ஒரு செயின் ஒரு கைக்குத்தான் பழகும்" என்றான். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

"நானா?"

"வேற யாரு இருக்கா? நாயா?"

கதவுக் கண்ணாடியைக் கையளவு இறக்கிவிட்டாள், அவன் சொல்வது கேட்கும்படி. கோணிப்பைக்குள் மரப்பிடி போட்ட உருண்டை அரமும் ஒரு தட்டை அரமும் எண்ணெய்த் துணிக்குள் இருந்தன.

"முதல்ல பிளக் மூடியைக் கழட்டு."

"எஞ்சின்தான் அணைஞ்சிருக்கே?"

"அணைஞ்ச மெஷினை நம்பித்தான் ரோசாமெல் மாமா ரெண்டு விரலைக் கொடுத்தாரு. கழட்டு."

கழற்றினாள்.

"கையுறை."

"நனைஞ்சு கிடக்குடா."

"நனைஞ்சாலும் போடு. மழுங்கின பல்லு மரத்தைத்தான் அறுக்காது. உன் கையை அறுக்கும்."

சங்கிலி ஓடும் நீளத் தகட்டை வெட்டுவாய்க்குள்ளேயே செருகச் சொன்னான். பாதியில் நின்ற அந்த வெட்டு, இடுக்கிபோல் தகட்டைப் பிடித்துக்கொண்டது. மேலே சங்கிலி தெரிந்தது. பிரேக்கைப் போட்டால் சங்கிலி நகராது. அடுத்த பல்லுக்குப் போகும்போது பிரேக்கை எடுத்து, கையால் முன்னால் இழுக்க வேண்டும். அவள் குனிந்து பார்த்தாள். பல்லின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு பளபளத்தது.

"மின்னுதுடா."

"மின்னினா மழுங்கல். கூரான விளிம்புல வெளிச்சம் நிக்காது, கறுப்பாத்தான் தெரியும். எல்லாப் பல்லையும் பாரு. எது ரொம்ப அடிபட்டது?"

அவள் சங்கிலியை முழுச்சுற்று நகர்த்திப் பார்த்தாள். ஒரு பல்லின் மூலையே உடைந்திருந்தது.

"அதுலதான் ஆரம்பிக்கணும். அடையாளம் போடு. மத்ததெல்லாம் அந்தக் குட்டையனோட அளவுக்கு இறங்கணும். ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னா மெஷின் குடிகாரன் மாதிரி ஒரு பக்கமா இழுக்கும்."

செகுந்தினோவின் வண்டியில் ஆடுகளுக்கு அடையாளம் போடும் நீல மெழுகுக்கட்டி கிடந்தது. அதால் அந்தப் பல்லின் மேல் பூசினாள்.

"பல்லோட தலையில சாய்வா ஒரு கோடு இருக்கும். அந்தச் சாய்வுக்கு அரத்தைப் பிடி. உள்ளேயிருந்து வெளியே தள்ளு. திரும்பி வர்றப்போ தூக்கிரு. முன்னும் பின்னும் இழுத்தே, அரம் செத்துரும்."

அவள் தள்ளினாள். அரம் கீச்சென்று கத்தியது.

"அழுத்தாதே! மாவு பிசையுற மாதிரி ஏறி உக்காராதே. அது தானாக் கடிக்கும்."

மறுபடி தள்ளினாள். இந்த முறை சத்தம் வேறுமாதிரி இருந்தது. மென்மையாக, சீராக, ஒரு மூச்சு விடுவதுபோல. இரும்புப் பொடி வெள்ளையாகக் கையுறைமேல் ஒட்டியது.

"ம்," என்றான் எரார்தோ. அவ்வளவுதான். அதை அவன் பாராட்டாகச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும்.

மூலை சரியாக வரும்வரை அந்தப் பல்லைத் தீட்டினாள். பிறகு ஒரு பல் விட்டு ஒரு பல், ஒரே பக்கம் பார்த்தவை மட்டும். அவன் பார்க்கவில்லை. தலையை இருக்கையில் சாய்த்து, கண்ணை மூடி, காதால் கேட்டுக்கொண்டிருந்தான். "போதும், அடுத்தது" என்பான். "இதுக்கு இன்னும் ஒண்ணு போடு" என்பான். எப்படித் தெரிகிறது என்று அவள் கேட்கவில்லை.

"பல்லுக்கு முன்னாடி சின்னதா ஒரு திமில் இருக்கு பாரு. அதைத் தொட்டுறாதே."

"தட்டை அரம் அதுக்குத்தானே?"

"அதுக்குத்தான். ஆனா இன்னைக்கு இல்ல. அதைத் தாழ்த்திட்டா பல்லு அதிகமாக் கடிக்கும். கடிச்சா மெஷின் எகிறி மூஞ்சிக்கு வரும். இருக்குற மூஞ்சியே சுமார்தான்."

"உன்னைவிடத் தேவலாம்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல் போய், கடைசியில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவள் அரத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"வேலையைப் பாரு."

அவள் திரும்பக் குனிந்தாள். மேலே மேகம் இறங்கி மரங்களின் தலையை மறைத்துக்கொண்டிருந்தது. செகுந்தினோ இந்நேரம் இரண்டாவது வளைவில் இருப்பாரா? அதைத் தாண்டியிருப்பாரா?

"ஏன்டா எரா," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "இத்தனை வருஷமா என்னை இதைத் தொடவே விடலையே. ஏன்?"

அவன் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டான்.

"நீ தொட்டா என்னைவிட நல்லாத் தீட்டிருவே."

"பைத்தியக்காரா."

"இல்லக்கா. மாடு உன் குரலுக்குத்தான் வருது. ரொட்டி உன் கையிலதான் உப்புது. ஆட்டைப் பிடிச்ச பூமாவை ரெண்டு தடவை சுட்டேன், ரெண்டு தடவையும் மரத்துல பட்டுச்சு. நீ அடுப்பங்கரையில இருந்து அப்படியே ஏப்ரனோட வந்து சுட்டே." மூச்சு வாங்கினான். "எனக்குன்னு இது ஒண்ணுதான் இருந்துச்சு. எரார்தோ தீட்டின செயின்னா கரையெல்லாம் ஒரு பேச்சு இருக்குல்ல. அதையும் நீ எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

அவள் அரத்தைத் துடைத்து மறுபடி பல்லில் வைத்தாள். மனதில் இருப்பதை அவனிடம் காட்ட அவளுக்குப் பழக்கமில்லை.

"சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்ல."

"அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

ஒரு பக்கம் முடிந்தது. நீல அடையாளம் திரும்பி வந்தது. அவள் ரம்பத்தின் மறுபக்கம் தவழ்ந்து போய், மற்றப் பக்கப் பற்களுக்கு ஏற்றபடி உட்கார்ந்தாள். இப்போது வண்டிக்கு அவள் முதுகு.

"ஒரு குளிர்காலத்துக்குன்னுதானே வந்தே நீ," என்றான் அவன் பின்னாலிருந்து. அம்மா இறந்தபோது, ஊரில் பள்ளி விடுதியின் சமையல் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவள் ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். அப்போது அவள் தலையில் நரையே இல்லை.

"அந்தக் குளிர்காலம் இன்னும் முடியலையே."

"முடிஞ்சா போயிரு அக்கா. இங்க தனியாக் கிடக்காதே. செகுந்தினோ அண்ணன் கூப்பிட்டாலும் போகாதே, அவரு குறட்டை ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்குது..."

"வாயை மூடுறா." அவள் குரல் எதிர்பாராத கடுமையோடு வந்தது. "சும்மா பேசிப் பேசி மூச்சை வீணாக்காதே. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்குப் பிடிபட்டுருச்சு. நானே பாத்துக்கிறேன்."

அவன் பேசவில்லை. சொன்னால் கேட்கிறவன் இல்லை; இன்று கேட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கம் கைக்கு வசப்படவில்லை. வலது கைக்காரிக்கு எதிர்ச்சாய்வு. முதல் இரண்டு பற்களில் அரம் வழுக்கியது. உட்காரும் இடத்தை மாற்றிப் பார்த்தாள், முழங்காலைச் சேற்றில் ஊன்றினாள், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துத் தள்ளினாள். வந்தது. பிறகு கை தானாகப் போகத் தொடங்கியது. தள்ளு, தூக்கு, தள்ளு, தூக்கு. பிரேக்கை எடு, இழு, பிரேக்கைப் போடு. தொப்பியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சங்கிலியில் விழுந்தது. விரல்கள் மரத்துப்போயின. அவன் ஏன் இதைச் செய்யும்போது பேசமாட்டான் என்று இப்போதுதான் புரிந்தது. பேச்சுக்கு இடமே இல்லை. உலகத்தில் அந்த ஒரு பல் மட்டும்தான் இருந்தது. அது முடிந்ததும் அடுத்தது.

கடைசிப் பல் முடிந்ததும் அவள் குனிந்து, முகத்தைச் சாய்த்து, முழுச் சங்கிலியையும் வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

"டேய் எரா! ஒண்ணுகூட மின்னலைடா!"

பதில் வரவில்லை.

"இப்பப் பேசலாம். சொல்லு. ஒண்ணுகூட மின்னல."

எழுந்தபோது முழங்கால்கள் பிடித்துக்கொண்டன. சேற்றில் வழுக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். அவன் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது, இன்னும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன்போல. கண் பாதி திறந்திருந்தது. திறந்த இடைவெளி வழியாக மழை அவனுடைய இடது தோளில் விழுந்து, கம்பளியில் ஒரு பெரிய கறுப்பு வட்டமாக ஊறியிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

அவள் கையுறையைக் கழற்றினாள். கன்னத்தைத் தொட்டாள். அவன் வாய்க்கு அருகில் தன் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். நெஞ்சை இரண்டு கைகளாலும் அழுத்தினாள், பெயரைச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள், தன் கை ஓயும்வரை. அவன் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

பிறகு அவள் கண்ணாடியை மேலே ஏற்றினாள். மழை உள்ளே வருவது நின்றது.

சுற்றிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில், அவன் பக்கத்தில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். முன்கண்ணாடி வழியாக அந்த மரம் தெரிந்தது. பாசி படிந்த பெரிய தண்டு, அதில் பாதி வெட்டு, அதற்குள் செருகி நிற்கும் ரம்பம். ஒரு சிறு பறவை வந்து ரம்பத்தின் பிடிமேல் உட்கார்ந்து, வாலை ஆட்டிவிட்டுப் பறந்தது. அவள் அவனுடைய கண்களை மூடினாள். தொப்பியைச் சரியாக வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், குளிரும் என்பதுபோல.

பிறகு இறங்கினாள்.

பின்னால் வீட்டுக்குத் திரும்பும் பாதை திறந்துதான் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரம்பத்தை வெட்டுவாயிலிருந்து எடுத்தாள். கையுறையை மறுபடி போட்டாள். சங்கிலியைத் தகட்டின் அடியில் பிடித்து இழுத்துப் பார்த்தாள், தொய்ந்திருந்தது. திருகி இறுக்கினாள், கையால் இழுத்தால் தாராளமாக ஓடும் அளவுக்கு மட்டும். எண்ணெய் பார்த்து ஊற்றினாள். பிளக் மூடியை மாட்டினாள். ரம்பத்தைத் தரையில் வைத்து, பிரேக் போட்டு, பின்பிடிக்குள் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் உயிர் வந்தது.

கல்லிருந்த இடத்திலிருந்து தள்ளி, வேறு இடம் பார்த்தாள். மேட்டுப்பக்கம் காலை அகட்டி நின்றுகொண்டாள், தண்டு உருண்டால் பள்ளத்துக்குத்தான் போகும். முகத்தைச் சங்கிலியின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வைத்தாள். மேலிருந்து கொஞ்சம், தண்டு அமுங்கித் தகட்டைக் கவ்வும் முன் நிறுத்தி, கீழிருந்து மேலாக மீதி. தகட்டின் நுனி எதன்மேலும் படாமல் பார்த்துக்கொண்டாள். அவள் அழுத்தவே இல்லை. ரம்பம் தானாக இறங்கியது. சீவல்கள் தடிமனாக, ஈரமாக, வெளிறிய சிவப்பில், அவள் பூட்ஸின் மேல் குவிந்தன.

அவசரப்படுத்த இனி யாரும் இல்லை. முதல் வெட்டு முடிந்து தண்டு சரிந்தபோது நிறுத்தி, எண்ணெய் ஊற்றி, சங்கிலி ஆறும்வரை காத்திருந்து, மறுபடி இறுக்கம் பார்த்தாள். இரண்டாவது வெட்டும் முடிந்ததும் நடுத்துண்டு தனியாக நின்றது. வண்டியிலிருந்த கடப்பாரையை எடுத்து அடியில் கொடுத்து நெம்பினாள். அது யோசிப்பதுபோல் ஒருமுறை ஆடி, பிறகு உருண்டு, செடிகளை முறித்துக்கொண்டு பள்ளத்துக்குள் போனது. வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் கிளைகளைப் பாதையோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி முழுதாக நிற்கும் முன்பே செகுந்தினோ குதித்தார். திறந்த பாதையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி! நீயா அறுத்தே? அடேயப்பா! எப்படி இருக்கான்?"

மருத்துவ உதவியாளர் யஸ்னா பையோடு வண்டியை நோக்கி ஓடினாள். ஒதிலியா கையிலிருந்த கிளையைக் கீழே போடவில்லை.

"செயின் நல்லா அறுக்குது அண்ணே," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். யஸ்னா கதவைத் திறந்தவள், ஓடி வந்த வேகத்தையெல்லாம் இழந்து, அப்படியே நின்றுகொண்டிருந்தாள். செகுந்தினோ தொப்பியைக் கழற்றினார். அவர் கண்கள் மரத்தின் அடியில் இருந்த கல்லுக்குப் போயின, அங்கேயே நின்றன.

மறுநாள் பகல் முழுவதும் அந்தப் பாதை வழியாக ஆட்கள் வந்தார்கள். ஊரிலிருந்து சவப்பெட்டி வந்தது. பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். ஆண்கள் கொட்டகையில் ஆட்டை நெருப்பில் சுட்டார்கள். மாத்தே தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டே இருந்தது. பாலத்து வீட்டு பாஸ்குவால் உள்ளே வந்து, எரார்தோவின் பெட்டிக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"வர்ற வழியில அந்த மரத்தைப் பாத்தேன்," என்றார். "வெட்டுமுகம் கண்ணாடி மாதிரி இருக்கு. சீவல் ஒவ்வொண்ணும் விரல் தடிமன். அதைப் பாத்தாலே தெரியுது, எரார்தோ தீட்டின செயின்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த மாதிரி கை இனி வராது என்றார் ஒருவர். கதவருகே நின்ற செகுந்தினோ ஒதிலியாவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

அவள் குவளையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள். "தீட்டி வச்சுட்டுத்தான் போனான்."

செகுந்தினோ வாயை மூடிக்கொண்டார்.

ஏரிக்கரைக் கல்லறையில் புதைத்தார்கள். வந்தவர்கள் போனார்கள். பாதை காலியானது. ஊருக்கு வந்துவிடும்படி யஸ்னா சொல்லி அனுப்பினாள்; விடுதியில் இப்போதும் சமையலுக்கு ஆள் தேடுகிறார்களாம். ஒதிலியா யோசிக்கிறேன் என்று பதில் அனுப்பினாள். மாடுகளுக்கு வைக்கோல் போட்டாள். விறகு அறுத்தாள். சங்கிலி மழுங்கியபோது அடுப்படியில் உட்கார்ந்து தீட்டினாள். ஒருநாள் மாலை, வழிதவறிப் போன கன்றைக் கூப்பிட வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. கடைசியாக எப்போது பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். கன்று வந்தது.

முதல் பனி விழுந்த வாரத்தில் செகுந்தினோ குதிரையில் வந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. காலணியைக் கதவருகே கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றார். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"செயின்," என்றார். "கொஞ்சம் தீட்டித் தருவியா தங்கச்சி? என் கண்ணுக்குப் பல்லே தெரியல. உனக்கு வேலை இருந்தா பரவால்ல, இன்னொரு நாள் வர்றேன்."

அவள் துணியைப் பிரித்து, ஜன்னல் பக்கம் போனாள். கையுறை போட்டு, சங்கிலியை வெளிச்சத்தில் மெல்ல உருட்டினாள். எந்த விளிம்பிலும் வெளிச்சம் நிற்கவில்லை. இணைப்புகளுக்கு நடுவே மரத்தூள் இல்லை, பிசின் இல்லை. கடையிலிருந்து வந்த மசகு இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அது ஒரு மரத்தையும் தொட்டதில்லை.

செகுந்தினோ அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன, குளிரினாலும் இருக்கலாம்.

ஒதிலியா கெண்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

"ரொம்ப மழுங்கியிருக்கு அண்ணே," என்றாள். "நேரமாகும்."

"ஆகட்டும்," என்றார் அவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நனைந்த தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.